ஜப்பான்ல ஜனத்தொகை ஏன் ஏறவே மாட்டேங்குது?

கேள்வி: 2008 வாக்குல 12.8 கோடி இருந்த ஜனத்தொகை அப்புறம் இறங்கிட்டே இருக்கு, 65 வயசு தாண்டினவங்க மட்டும் கிட்டத்தட்ட 29 சதவீதம். குழந்தை பெத்தா அரசாங்கம் காசு கொடுக்குதே, அப்புறமும் ஏன்?

பதில் 1: காசு மட்டும் இல்லைங்க. அங்க கல்யாணம் ஆகாம குழந்தை பெத்துக்கறது ரொம்ப கம்மி, கல்யாணமே தள்ளிப் போகுது, நிரந்தர வேலை கிடைக்காத பசங்க அந்தப் பேச்சையே எடுக்கறதில்ல, ஆபீஸ்ல ராத்திரி வரைக்கும் வேலை, வீட்டு வேலை பெரும்பாலும் பொண்ணுங்க தலைல. 2024ல ஒரு பொண்ணுக்கு சராசரி 1.15 குழந்தைதான், குறையாம நிக்கவே 2.1 கிட்ட வேணும்.

பதில் 2: இப்போ எல்லாரும் ரெண்டு பெத்துக்கிட்டாலும் உடனே ஏறாது பாஸ். 1971-74ல பொறந்த பெரிய கூட்டம் 50 தாண்டிடுச்சு, பெத்துக்கற வயசுல பொண்ணுங்களே கம்மி.

கேள்வி கேட்டவர்: அப்போ பெரியவங்கள யாரு பாத்துக்கறது?

பதில் 1: 2000லயே பராமரிப்பு இன்சூரன்ஸ் கொண்டு வந்துட்டாங்க, 40 வயசுலேர்ந்து பிரீமியம் கட்டணும். ஆனா வேலை செய்ய ஆள் பத்தல, அதான் 2019ல புது விசா போட்டு வெளிநாட்டு ஆளுங்கள எடுக்கறாங்க (ஜப்பானிய மொழி பரீட்சை பாஸ் பண்ணணும், அது லேசுப்பட்டதில்ல).