பச்சை நிறத்தில் இரண்டு எழுத்து: அந்த வாக்கியம் யாருடையது?

ஏடகம்: "ஈதர்பேடில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் இருப்பதால், எந்தச் சொல் யாருடையது என்ற குழப்பத்துக்கே இடமில்லை" என்று முகிலன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பலர் ஒரே ஆவணத்தில் ஒரே நேரத்தில் எழுத உதவும் அந்த இணையக் கருவியில் நாங்கள் நால்வர் சேர்ந்து எழுதிய கதையில், மஞ்சள் நிறத்தில் "கதவு திறந்திருந்தது" என்று அவர் எழுதியிருந்ததை, அவர் கண்முன்னே "கதவு திறந்தே இருந்தது" என்று நான் மாற்றினேன். "தே இ" என்ற இரண்டு எழுத்து மட்டுமே பச்சையாக நின்றது. ஆனால் போனவர் திரும்புவார் என்று அந்த வீடு காத்துக்கிடந்த சேதி அந்த ஏகாரத்தில்தான் இருக்கிறது.

முகிலன்: பன்னிரண்டு எழுத்தில் பத்து என்னுடையவை. இரண்டு எழுத்தைத் திருத்துபவருக்கு மெய்ப்புத் திருத்துநர் என்று பெயர். ஆசிரியர் என்று பெயரில்லை.

செங்காந்தள்: நிறம் காட்டுவது விசையை அழுத்திய விரலை மட்டுமே. ஒருவர் அலைபேசியில் சொல்லச் சொல்ல மற்றவர் தட்டச்சு செய்தால், நிறம் தட்டச்சு செய்தவருக்குத்தான் போகும். 2007இல் பெங்குவின் பதிப்பகம் நடத்திய, யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய விக்கி நாவலிலும் எழுத்து யாருடையது என்ற இதே சிக்கல் எழுந்தது.

ஏடகம்: அந்த எடுத்துக்காட்டு பொருந்தாது. விக்கியில் ஒருவர் எழுதிச் சேமித்த பிறகே மற்றவர் பார்க்க முடியும். 2008இல் வந்த ஈதர்பேடிலோ, அடுத்தவர் பாதிச் சொல்லில் தயங்கி நிற்பதைக்கூடப் பார்த்துக்கொண்டே எழுதுகிறோம்.

செங்காந்தள்: நான் பேசியது உரிமையைப் பற்றி, வேகத்தைப் பற்றி அல்ல. படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

ஏடகம்: படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உரிமையைப் பற்றியே பேசுவோம். எழுதியதற்கு நிறம் உண்டு; நீக்கியதற்கு ஏது நிறம்? அதே கதையில் தாய் பேசும் மூன்று பத்திகளை, நாங்கள் மூவரும் இணைப்பில் இல்லாத வேளையில் முகிலன் அழித்தார். இன்று ஆவணத்தைத் திறப்பவருக்கு அப்படி ஒரு தாய் இருந்த சுவடே தெரியாது. ஆவணத்தின் பழைய நிலைகளைக் காட்டும் டைம்ஸ்லைடரைப் பின்னோக்கி நகர்த்தினால்தான் அவள் பேசுவது கேட்கும். கதையின் மௌனத்தை உண்டாக்கியவர் அவர் என்றால், அதை அவருடைய படைப்பு என்பதா, என் இழப்பு என்பதா? நிறத்தை நம்பச் சொல்பவர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

முகிலன்: மூன்று பத்திகளும் கதையை இழுத்துப் பிடித்தன, அதனால் நீக்கினேன். அதற்கும் ஏகாரத்துக்கும் என்ன தொடர்பு? பத்து எழுத்து என்னுடையவை.

ஏடகம்: எழுத்தை எண்ணுகிறீர்கள், பொருளை எண்ண மறுக்கிறீர்கள். அந்த ஏகாரத்தை எடுத்துவிட்டு, அடுத்த பத்தியில் மகன் வாசலில் தயங்கி நிற்பதை வாய்விட்டுப் படியுங்கள். பூட்டாத எந்த வீட்டு வாசலிலும் எவரும் நிற்கலாம். ஆனால் தனக்காகவே திறந்து கிடக்கும் வீட்டின் முன்தான் அவன் அப்படித் தயங்கி நிற்க முடியும்.

முகிலன்: எடுத்துவிட்டுப் படித்தேன். கதை நிற்கிறது.

ஏடகம்: மறுபடியும் சேர்த்துவிட்டேன்.