அடர்ந்த நிறத்தில் கலிஃபோர்னியா பினோ நுவார்: இயல்பா, கலப்பா?

கேள்வி

மக்களே, பினோ நுவார் (சிவப்பு ஒயினுக்கான ஒரு திராட்சை வகை) என்றால் கிளாஸ் வழியே விரல் தெரிகிற வெளிறிய சிவப்பு, வாயில் கனமில்லாத ஒயின் என்றுதான் எதிர்பார்த்தேன். இப்போது கையில் இருப்பது கலிஃபோர்னியாவின் சாண்டா லூசியா ஹைலண்ட்ஸ் வட்டாரத்து பினோ, 2021 அறுவடை. கறுத்த பிளம், கிராம்பு, கோலா வாசனை, லேபிளில் ஆல்கஹால் 14.5%. ஆனாலும் பிரமாதம், கடைசி மடக்கு வரை புளிப்பு தளரவில்லை. பினோவில் இவ்வளவு அடர்த்தி தானாக வருமா, வேறு திராட்சை கலந்திருப்பார்களா? எந்தக் குளிரில், எதோடு குடிக்கலாம்?

பதில் 1

அந்த ஊருக்கு இது இயல்புதான். சாண்டா லூசியா ஹைலண்ட்ஸ் மான்டரே கவுண்டியில், சலினாஸ் பள்ளத்தாக்கின் மேற்குப் பக்கச் சரிவில் இருக்கிறது. கிழக்கு பார்த்த சரிவு என்பதால் காலை வெயில் நன்றாக விழும். மதியத்துக்கு மேல் மான்டரே விரிகுடாவிலிருந்து குளிர்காற்று விடாமல் வீசும். காற்று பலத்தால் கொடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், பழுப்பது நிதானப்படும். பழம் சிறுத்து, தோல் தடிக்கும். நிறமும் துவர்ப்பும் தோலில்தானே இருக்கின்றன? சாறுக்கு எதிரே தோலின் பங்கு கூடினால் ஒயின் கறுக்கும். இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றிவிடும். நீங்கள் கவனித்த அந்தத் தளராத புளிப்புக்குக் காரணம் அதுதான்.

ஆல்கஹால் கணக்கு: அறுக்கும்போது பழச்சாற்றில் 25 பிரிக்ஸ் (எடையில் ஏறக்குறைய 25%) சர்க்கரை இருந்தால், அந்த எண்ணை 0.58ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய 14.5% வரும். லேபிள் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 14%க்கு மேற்பட்ட ஒயினில் ஒரு சதவீதப் புள்ளி கூடவோ குறையவோ இருக்க அமெரிக்கச் சட்டம் விடுகிறது, 15.5% கூட உள்ளே இருக்கலாம்.

பதில் 2

மேலே சொன்னது சரி, ஆனால் கலப்புச் சந்தேகத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. லேபிளில் பினோ நுவார் என்று போட 75% பினோ இருந்தால் போதும். மீதி 25% சிரா, பெட்டிட் சிரா மாதிரி அடர்நிறத் திராட்சை வகைகளாக இருக்கலாம், சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. வெறும் ‘கலிஃபோர்னியா’ என்று மட்டும் போட்ட மலிவு பாட்டில்களில் இதை எதிர்பாருங்கள். சாண்டா லூசியா ஹைலண்ட்ஸ் மாதிரி வட்டாரப் பெயர் போட்டால் 85% பழம் அங்கிருந்தே வர வேண்டும்; தனித் தோட்டத்தின் பெயர் இருந்தால் 95%.

பார்க்கும் முறை: வெள்ளைத்தாள் மேல் கிளாஸைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். பினோ எவ்வளவு அடர்ந்தாலும் விளிம்பில் மாணிக்கச் சிவப்பாகத் தெளியும். ஊதா மை மாதிரி விளிம்பு வரை கறுப்பாகவே நின்று, முடிவில் ஜாம் இனிப்பும் வந்தால் சிராவோ, நிறத்துக்காகச் சேர்க்கும் திராட்சைச் சாற்றுச் செறிவோ இருக்கலாம். இது தீர்ப்பு அல்ல, சந்தேகப்பட ஒரு காரணம், அவ்வளவுதான்.

கலக்காமலே அடர்த்தி கூட்டும் வழிகளும் உண்டு. நொதிக்கும் முன் சில நாள் குளிரில் தோலோடு ஊறவைப்பார்கள். தொடக்கத்திலேயே கொஞ்சம் சாற்றை வடித்துவிட்டால் மிஞ்சும் சாறுக்குத் தோல் அதிகம். அந்தக் கிராம்பு வாசனை பெரும்பாலும் புதிய ஓக் பீப்பாயின் வேலை. காம்போடு நொதித்தாலும் மசாலா மணம் வரும், ஆனால் அதில் பச்சைக் காம்பின் சாயல் கூடவே இருக்கும்.

பதில் 3

குடிக்கும் விஷயத்தில் பலரும் கோட்டை விடுவது சூட்டில்தான். 14.5% ஒயினை 24 டிகிரி அறைச்சூட்டில் ஊற்றினால் ஸ்பிரிட் மூக்கில் ஏறும், பழவாசனை அமுங்கிவிடும். 14 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள்: வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், பாட்டில் கழுத்து வரை முங்கட்டும், பன்னிரண்டு நிமிடம் போதும். வெறும் ஐஸில் வைத்தால் கண்ணாடியோடு ஒட்டாமல் காற்றிடைவெளி நின்று, நேரம் இழுக்கும். அகலமான கிளாஸில் 120 மில்லி, அதற்கு மேல் வேண்டாம்.

திறந்ததும் தீக்குச்சி வாசனை வந்தால் கிளாஸைச் சுழற்றுங்கள், பத்து நிமிடத்தில் போய்விடும். போகாத சாம்பல் கசப்பு வேறு கதை: 2020 கலிஃபோர்னியா காட்டுத்தீப் புகை படிந்த பழத்தில் அது வரும், காற்றாட வைத்தாலும் தீராது. உங்களுடையது 2021, அந்தக் கவலை இல்லை.

உணவுக்கு வாத்துக்கறி, தணலில் சுட்ட சால்மன், வெண்ணெயில் வதக்கிய காளான். மிளகு சேரும், மிளகாய் சேராது, ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டிவிடும்.

பாதி மிச்சமானால் 375 மில்லி சின்ன பாட்டிலில் வாய் வரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும்.