ஃபிரிட்ஸ் போலார்ட் நிஜமாவே முதல் கறுப்பின ஹெட் கோச்சா, இல்ல பின்னாடி ஊதிப் பெருசாக்கினதா?

டச்டவுன் தம்பி:
என்எஃப்எல், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கோட வரலாறு எங்க படிச்சாலும் 1921-ல அக்ரான் ப்ரோஸ் டீம்ல இருந்த ஃபிரிட்ஸ் போலார்ட் தான் லீக்கோட முதல் கறுப்பின ஹெட் கோச்னு எழுதி வச்சிருக்காங்க. மனுஷன் பயங்கரமான பிளேயர், அதுல எனக்கு மாற்றுக்கருத்தே கிடையாது. 1916 ஜனவரில பிரவுன் யுனிவர்சிட்டிக்காக ரோஸ் பவுல்ங்கற பெரிய காலேஜ் மேட்ச்ல இறங்கினார், கறுப்பினத்துல இருந்து அங்க ஆடின முதல் ஆள் அவர் தான், 1920-ல அக்ரான் ஒரு மேட்ச் கூட தோக்காம கப் அடிச்சப்போ டீமோட பெரிய ஸ்டாரும் அவர் தான். ஆனா இந்த கோச் பட்டம் மட்டும் எனக்கு இடிக்குது. 1920-ல கோச் எல்ஜி டோபின். 21-ல டோபினும் போலார்டும் சேர்ந்துனு தான் ரெக்கார்டுல இருக்கு. பாதி நாற்காலியை முழு நாற்காலியா ஆக்கிட்டாங்களோனு தோணுது.

நாலாவது டவுன்:
தம்பி, நீங்க இன்னைக்கு டிவில பாக்கற கோச்சை மனசுல வச்சுக்கிட்டு பேசறீங்க, ஹெட்செட் மாட்டிக்கிட்டு கையில பெரிய அட்டை வச்சுக்கிட்டு கோட்டோரமா நிக்கற ஆளை. அப்போ அப்படி எதுவுமே கிடையாது, மேட்ச் நடக்கும்போது வெளில இருந்து யாராவது பிளே, அதாவது அடுத்து எப்படி ஆடணும்ங்கற திட்டம், சொல்லிக் குடுத்தா பெனால்டி. பெஞ்ச்ல இருந்து கோச்சிங் பண்ணலாம்னு லீக் அனுமதிச்சதே 1944-ல தான். அப்போ உள்ள நின்னு எந்தப் பிளே ஓட்டணும்னு முடிவு பண்றவன் தானே கோச்? பிரவுன்ல கத்துக்கிட்ட பிளேக்களை அக்ரானுக்குக் கொண்டு வந்து டீமை மாத்தினேன்னு போலார்டே பின்னாடி சொல்லியிருக்கார். அதுவும் போக கோச்சிங் அவருக்குப் புதுசும் இல்ல, 1918-லயே பென்சில்வேனியால லிங்கன் யுனிவர்சிட்டிக்கு கோச்சா இருந்தவர்.

டச்டவுன் தம்பி:
"போலார்டே சொல்லியிருக்கார்", அங்க தான் பிரச்சினையே. வயசான காலத்துல குடுத்த பேட்டிய வச்சு ரெக்கார்டை மாத்த முடியுமா பாஸ்? லிங்கன்ல கூட அக்ரானுக்கு ஆடப் போறேன்னு இவர் காலேஜ் மேட்சையே விட்டுட்டுப் போனதுக்கு திட்டு வாங்கினவர், அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

பழைய பேப்பர்:
ரெண்டு பேரும் கொஞ்சம் அந்த ஊரையும் பாருங்க. அக்ரான் டயர் ஃபேக்டரி ஊர், குட்இயர், ஃபயர்ஸ்டோன் எல்லாம் அங்க தான், தெற்குல இருந்து வந்த வெள்ளைக்காரத் தொழிலாளிங்க நிறைய. சொந்த ஊர் மைதானத்துலயே போலார்டுக்கு கூச்சலும் வசவும் தான். ஹோட்டல்ல தங்க விட மாட்டாங்க, சாப்பிட விட மாட்டாங்க. டீம் ஓனர்கள்ல ஒருத்தரான ஃபிராங்க் நீட் சுருட்டு வியாபாரம் பண்ணவர், அவரோட சுருட்டுக் கடைல தான் போலார்ட் டிரஸ் மாத்துவார், மேட்ச் டைமுக்கு கார் அனுப்பிக் கூட்டிட்டு வருவாங்க, நேரா உள்ள இறங்குவார். ஆளும் பெரிய உருவம் கிடையாது, அஞ்சடி ஒன்பது அங்குலம். அந்தக் காலத்துல பந்து வச்சிருக்கவன் விழுந்தாலும் பிடில இல்லன்னா எழுந்து ஓடலாம், அதனால விழுந்தவன் மேல குவியறது சகஜம், இவர் மேல கொஞ்சம் கூடவே குவிஞ்சாங்க. அதுக்கு இவர் ஒரு வழி வச்சிருந்தார், விழுந்த உடனே மல்லாந்து புரண்டு ரெண்டு காலையும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி மேல ஆட்டுவார், ஷூ ஆணி மூஞ்சில படும்னு எவனும் கிட்ட வர மாட்டான். இப்படிப்பட்ட ஊர்ல இவர் பேரை கோச்னு பெருசா போட்டு விளம்பரம் பண்ணியிருப்பாங்கனு எதிர்பாக்கறதே கொஞ்சம் ஓவர் தான்.

டச்டவுன் தம்பி:
அது பரிதாபம் தான், மறுக்கல. ஆனா பரிதாபம் ஆதாரம் ஆகாதே.

நாலாவது டவுன்:
சரி ஆதாரம்னே வாங்க. 1920-ல சிகாகோல அக்ரானோட 0-0 ஆடின டிகேட்டர் ஸ்டேலீஸ், அதுல ஜார்ஜ் ஹாலஸ் ஆடிக்கிட்டே கோச்சாவும் இருந்தார். கான்டன் புல்டாக்ஸ்ல கை சேம்பர்லின் ஆடிக்கிட்டே கோச்சா இருந்து 1922, 23 ரெண்டு கப் தூக்கினார். அவங்க கிட்ட எவனும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கேக்கறதில்ல. லீக் ஆரம்பிச்சதே கான்டன்ல ஒரு கார் ஷோரூம்ல உக்காந்து பேசி. அங்க ஃபைல் தேடறீங்க, அதுவும் இவர் ஒருத்தருக்கு மட்டும் தேடறீங்க, அது எனக்கு உறுத்துது.

சும்மா வந்தவன்:
ஹாலஸ் பேர் வந்துடுச்சு, நான் ஒண்ணு கேக்கறேன். கறுப்பின பிளேயர்களை லீக்ல இருந்து ஒதுக்கினதுக்கு ஹாலஸும் காரணம்னு போலார்ட் குற்றம் சாட்டினாராமே, அது உண்மையா?

டச்டவுன் தம்பி:
சாட்டினார், ஹாலஸ் மறுத்தார், முடிஞ்சது. எழுத்துல ஒரு துண்டுச் சீட்டு கூட கிடையாது. தவிர எல்லாரும் சந்தேகப்படறது வாஷிங்டன் டீம் ஓனர் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷலை, அந்தாளு 1962 வரைக்கும் ஒரு கறுப்பினத்தவரைக் கூட ஆட விடல.

நாலாவது டவுன்:
பாத்தீங்களா, திரும்பவும் துண்டுச் சீட்டு. 1933 சீசனோட கடைசியா இருந்த கறுப்பின பிளேயர்கள் ஜோ லில்லார்டும் ரே கெம்பும் போனாங்க, அப்புறம் 1946 வரைக்கும் லீக் மொத்தத்துலயும் ஒருத்தர் கூட கிடையாது. பன்னெண்டு சீசன், இத்தனை டீம், எழுத்துல தடையே இல்லையாம், ஆனா எல்லா ஓனருக்கும் ஒரே மாதிரி ஆள் கிடைக்காம போச்சாம். 46-ல கூட மனசு மாறியா எடுத்தாங்க? ராம்ஸ் டீம் லாஸ் ஏஞ்சலஸ் போனப்போ அவங்க ஆட வேண்டிய கொலிசியம் ஜனங்க காசுல கட்டின ஸ்டேடியம், கறுப்பினப் பத்திரிகைக்காரங்க நெருக்கினாங்க, அதுக்கப்புறம் தான் கென்னி வாஷிங்டன்ங்கற கறுப்பின பிளேயரை எடுத்தாங்க. ஹாலஸோட ஸ்டேலீஸ் தான் பின்னாடி சிகாகோ பேர்ஸ் ஆச்சு, அந்த டீம்ல 1952 வரைக்கும் கறுப்பினத்தவர் யாரும் இல்ல. மறுப்பை மட்டும் அப்படியே நம்பறீங்க, போலார்ட் சொன்னா மட்டும் கிழவன் பேச்சா?

பழைய பேப்பர்:
ஹாலஸ் ஒருத்தரா பண்ணார்னு நிரூபிக்க முடியாது, அந்த அளவுக்கு தம்பி சொல்றது நியாயம். ஆனா அதனால நடந்தது என்னன்னா 1989-ல ரெய்டர்ஸ் ஆர்ட் ஷெல்லை கோச்சாக்கினப்போ "முதல்" "முதல்"னு ஊரே கொண்டாடிச்சு, போலார்டை ஞாபகம் வச்சிருந்தவங்க ரொம்பக் கம்மி. அவர் செத்து மூணு வருஷம் ஆச்சு அப்போ, 1986-ல, 92 வயசுல. ஃபுட்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தது 2005-ல.

டச்டவுன் தம்பி:
ஷெல்லுக்கு முன்னாடி இவர்னு எழுதுங்க, சண்டைக்கு வரல. 1921-னு போடுங்க, பக்கத்துல டோபின் பேரையும் போடுங்க. 1920 கப்பையும் கோச்சா இவர் கணக்குல சேக்கறாங்க பாருங்க சில பேர், அதை மட்டும் நான் விட மாட்டேன்.

நாலாவது டவுன்:
டோபின் பேரைப் போடறதுல எனக்கென்ன கஷ்டம், தாராளமா போடுங்க. 1920-ல மொத்த சீசனுக்கும் ஏழே ஏழு பாயின்ட் விட்ட டீம், அந்த டீமுக்கு பிளே சொன்னது யாருன்னு டோபின் கிட்ட கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.