காரணியே தெரியாமல் 2^1277 − 1 பகு எண் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

எண்வலை:
2^1277 − 1 என்பது 385 இலக்க எண். பகு எண் என்றுதான் எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது, ஆனால் ஒரு காரணிகூட இதுவரை கிடைக்கவில்லை. பைதானில் அடிமானம் 2 வைத்து ஃபெர்மா சோதனை (2-இன் அடுக்காக ‘எண் − 1’ வைத்து, அந்த எண்ணால் வகுத்து மீதி பார்ப்பது; பகா எண் என்றால் 1 வர வேண்டும்) ஓட்டினால் மீதி 1 வருகிறது. அதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையும் அடிமானம் 2-க்கு ‘பகா எண்ணாக இருக்கலாம்’ என்கிறது. பிறகு எதை வைத்து முடிவு செய்தார்கள்? காரணி தேட எங்கிருந்து தொடங்குவது?

மீதி ஒன்று:
மெர்சென் எண்களிடம் (2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்தவை) அடிமானம் 2 எடுபடாது. ம = 2^ப − 1, ப பகா எண் என்று கொள்ளுங்கள். 2^ப-ஐ ம-ஆல் வகுத்தால் மீதி 1. ம − 1 = 2^ப − 2; இது எப்போதும் ப-ஆல் வகுபடும். ஆகவே ம பகாவோ பகுவோ, 2^(ம−1) மீதி 1 தந்தே தீரும். (ம−1)/2 ஒற்றைப்படை, அதுவும் ப-ஆல் வகுபடும். மில்லர்–ராபின் ஏமாறுவது அதனால்தான். 2047 = 23 × 89 இப்படித்தான் அடிமானம் 2-இல் தப்பிக்கும், 3-இல் மாட்டிக்கொள்ளும்.

உறுதியான சோதனை லூக்காஸ்–லெமர். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, ம-ஆல் வகுத்த மீதியை எடுங்கள். இதை ப − 2 முறை செய்ய வேண்டும். 1277-க்கு 1275 சுற்று. கடைசியில் 0 வந்தால் பகா, வராவிட்டால் பகு. இரு பக்கமும் நிறுவப்பட்ட தேற்றம், ‘இருக்கலாம்’ என்ற பேச்சே இல்லை. 2047-க்கு: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசி 0 இல்லை, ஆகவே பகு. ஆனால் 23, 89 பற்றி அந்த 1736 எதுவும் சொல்லாது.

ஒரு சுற்று கூடிவிட்டால் பகா எண்ணுக்கும் −2 வரும், பிறகு 2-லேயே நின்றுவிடும். அதனால் நிரலை முதலில் 2^1279 − 1-இல் ஓட்டுங்கள். 1952-இல் ராபின்சன் கண்ட பகா எண் அது. 1277-வது சுற்றில் 0 வர வேண்டும்.

சல்லடை:
காரணி தேடலுக்கு: எந்தக் காரணியும் 2554க + 1 வடிவில்தான் இருக்கும், 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால் க-வை 4-ஆல் வகுத்த மீதி 0 அல்லது 3. க = 3, 4, 7, 8, 11 தருபவை எல்லாம் தாமே பகு எண்கள் (7663 = 79 × 97, 10217 = 17 × 601…), அவற்றைத் தொடவே வேண்டாம். முதலில் சோதிக்க வேண்டியது க = 12, அதாவது 30649. 2^1277-ஐ 30649-ஆல் வகுத்த மீதியைப் பாருங்கள்; 1 வந்தால்தான் அது காரணி. 385 இலக்க எண்ணை எழுதி வகுக்க அவசியமில்லை, வர்க்கப்படுத்தி அவ்வப்போது மீதி எடுத்தாலே போதும். ஆனால் இந்த வழியில் எட்டக்கூடிய தூரம் முழுவதும் எப்போதோ அலசப்பட்டுவிட்டது. பயிற்சிக்கு மட்டும் செய்யுங்கள்.

பொலார்டின் ப−1 முறை (இங்கே ப என்பது தேடும் காரணி; ப−1 சிறிய பகா எண்களின் பெருக்கலாக இருந்தால் அதைப் பிடிக்கும்) போடுவதானால் அடுக்கில் 1277-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காரணியிலிருந்தும் 1 கழித்தால் அது 1277-ஆல் வகுபடும் என்று தெரிந்ததுதானே. அப்போது அடிமானம் 2 கூடவே கூடாது. மீ.பொ.வ. கேட்டால் முழு எண்ணே திரும்பி வரும். 3 வையுங்கள்.

எண்வலை:
புரிந்தது. காரணி தேடும் இன்னொரு வழியான நீள்வட்ட வளைகோட்டு முறை எப்படி?

சல்லடை:
அதுதான் இப்போது நம்பிக்கை. எண் எவ்வளவு பெரிது என்பதைவிட மிகச் சிறிய காரணி எவ்வளவு பெரிது என்பதே நேரத்தைத் தீர்மானிக்கும். அந்தக் காரணிக்கு 193 இலக்கம்வரை இருக்கலாம் என்பதுதான் சிக்கல்.

மீதி ஒன்று:
அப்படி இருந்தால் சிறப்பு எண் புலச் சல்லடைதான் (சிறப்பு வடிவம் கொண்ட பெரிய எண்களை உடைக்கும் முறை) வழி. வடிவம் வசதியானது: அ = 2^213 என்றால் அ^6 − 2 சரியாக நம் எண்ணின் இருமடங்கு. கணிப்புச் செலவுதான் தடை. 2^1061 − 1 இந்த முறையில் 2012-இல் உடைந்தது. இங்கே அதைவிட 216 பிட் கூடுதல்.