புதுப்பிப்பு: தொட்டி இறால் வளராததற்குக் காரணம் கிடைத்தது

வெள்ளவத்தை மொட்டை மாடித் தொட்டியில் நன்னீர் இறால் குஞ்சுகள் தீனி தின்றும் வளரவில்லை என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி. "பக்கத்துத் தக்காளிக்கு என்ன மருந்து அடிக்கிறீங்கள்?" என்று கேட்ட அண்ணாவின் ஊகம்தான் சரி. இலைக்கருகலுக்குப் போர்டோ கலவை (செப்பு சல்பேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சணக்கொல்லி) தெளித்தேன். அதிலுள்ள செப்பு மழையோடு வழிந்து தொட்டிக்குள் போயிருக்கிறது. இறாலின் இரத்தத்திலேயே செப்பு உண்டு. ஆனால் தண்ணீரில் கூடினால் செவுள் கெடும், தோல் கழற்றுவது தடைப்படும். தோல் கழற்றாமல் இறால் வளராது.

எதிர்பாராத விஷயம், தண்ணீரை முழுவதும் மாற்றியும் பயனில்லை. செப்பு அடிமண்ணில் தங்கியிருந்தது. மண்ணை அள்ளிவிட்டு, கழுவி, புதுத் தண்ணீர் விட்ட 11ஆம் நாளில், இறால் கழற்றிய முதல் தோல் கிடந்தது. அப்புறம் தக்காளிச் சாடிகளைக் கீழே இறக்கிவிட்டேன்.