ரெக்டிஃபையர் (ஏசியை டிசி ஆக்கற சர்க்யூட்) நடத்தினா கிளாஸ் தூங்குது, என்ன பண்ணலாம்?

கேள்வி: ஈசிஈ (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) செகண்ட் இயருக்கு எடுக்கறேன், மினி ப்ராஜெக்ட் குடுத்தா ரெடிமேடா வாங்கிட்டு வந்துடறாங்க, பசங்களை எப்படி உள்ள இழுக்கறது?

பதில் 1: சார், ஆளுக்கு நாலு டையோடு, 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு 7805 (வோல்டேஜை அஞ்சுல நிறுத்தற ஐசி) குடுத்து அஞ்சு வோல்ட் சப்ளை கட்டச் சொல்லுங்க. கெப்பாசிட்டரைக் கழட்டிட்டு ஆசிலோஸ்கோப்ல காட்டுங்க, செகண்டுக்கு நூறு தடவை ஏறி இறங்கற அந்த 100 ஹெர்ட்ஸ் மேட்டைக் கண்ணால பாத்தவன் மறக்கவே மாட்டான்.

பதில் 2: ஆமா. என் லேப்ல ஒரு பொண்ணு 7805 ஏன் இப்படி சுடுதுன்னு கேட்டா, நான் பதில் சொல்லாம 12 வோல்ட் உள்ள போகுது 5 தான் வருது மிச்சம் எங்கம்மான்னு கேட்டேன், அரை ஆம்பியருக்கு மூன்றரை வாட்டு சூடாப் போகுதுன்னு அவளே கணக்கு போட்டு, சூட்டை வெளியேத்தற ஹீட் சிங்க் மாட்டினா!

பதில் 3: கெப்பாசிட்டர்ல மைனஸ் கோடு இருக்கற காலை மாத்தி போட்டா வெடிக்கும், பவர் போடறதுக்கு முன்னாடி நீங்க ஒருதடவை பாத்துடுங்க சார்.