மின்சாரம் அணைத்தாலும் கீசர் வடிகிறது: லெனேசியாவில் யாருக்காவது இந்த அனுபவம் உண்டா?

வணக்கம். ஜோகன்னஸ்பர்க், லெனேசியாவில் இருக்கிறோம். எங்கள் கீசரின் பாதுகாப்பு வால்விலிருந்து சுவருக்கு வெளியே வரும் குழாய், ஜூன் தொடக்கத்திலிருந்து ஒழுகுகிறது. பகலில் துளித்துளியாகத்தான். இரவில், தெருவே குழாயை மூடிவிட்டுத் தூங்கும் நேரத்தில், நூலாக வடிகிறது.

கூரைக்குள் படுக்கையாகப் பொருத்திய 150 லிட்டர் மின் கீசர். அழுத்தம் 400 கிலோபாஸ்கல்.

தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்குக் குறைத்தாயிற்று. பிளம்பர் வந்து பாதுகாப்பு வால்வையும், தெருக்குழாய் நீரின் அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வையும் மாற்றினார். பலனில்லை. “சூடானால் நீர் விரியும், அது இயல்பு” என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். 15 டிகிரி நீர் 60 டிகிரிக்குச் சூடானால் 150 லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர்தான் விரியும். இங்கே மின்சாரத்தை அணைத்து வைத்த இரவிலும் இருபது லிட்டர் வாளி நிரம்பி வழிகிறது! மழையே இல்லாத குளிர்காலத்தில் இதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை. இப்போதைக்கு அந்த நீரில்தான் அம்மா துணி அலசுகிறார்.

கீசருக்குள் போகும் குளிர்நீர் வால்வை மூடினாலும் வடிதல் நிற்பதில்லை. வீட்டின் பிரதான வால்வை மூடினால் நின்றுவிடுகிறது. மே மாதம் குளியலறையில், சுடுநீரும் குளிர்நீரும் உள்ளே கலந்து வரும் ஒற்றைக் கைப்பிடி மிக்சர் குழாய் பொருத்தினோம். அதற்கான குளிர்நீர் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு வழியாக வராமல், நேராகத் தெருக்குழாயிலிருந்து வருகிறது. எனக்குச் சந்தேகம் அதன் மேல்தான்.

அந்த மிக்சர் வழியாகத்தான் குளிர்நீர் கீசருக்குள் பின்னோக்கி ஏறுகிறதா என்பதைச் சுவரை உடைக்காமல் எப்படி உறுதி செய்வது?